வேதியியல் ஆய்வகத்தின் பின்னறை

இங்கிலாந்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் பார்க்கும் வேலையை ஊரில் இருப்பவர்களுக்குப் புரிய வைப்பது கொஞ்சம் சிரமம். "டீச்சரா இருக்கியா?" என்று கேட்பார்கள். இல்லை. "அப்போ லேப் அட்டெண்டரா?" அதுவும் முழுக்கச் சரியில்லை. இங்கே இதற்குப் பள்ளி அறிவியல் டெக்னீஷியன் என்று பெயர். நாலைந்து ஆய்வகங்களுக்கு நடுவில் பிரெப் ரூம் என்று ஓர் அறை இருக்கும். அடுத்த வாரம் எந்த வகுப்புக்கு என்ன சோதனை, எத்தனை குழு, என்ன செறிவில் எவ்வளவு அமிலம் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கரைசலைக் கலக்கி, தட்டுகளில் அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, பாடம் தொடங்குவதற்கு முன் அந்தந்த அறையில் கொண்டு நிறுத்துவது எங்கள் பொறுப்பு. புதுச் சோதனை என்றால் நாங்களே ஒருமுறை செய்து பார்த்துவிடுவோம். பாடம் முடிந்ததும் கழிவு, உடைந்த கண்ணாடி, எண்ணிக்கையில் குறையும் ஸ்பாட்டுலா எல்லாம் எங்கள் தலையில். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சமையல்கட்டு தெரியாது, இலைதான் தெரியும். நான் சமையல்கட்டில் இருக்கிறேன்.

வேதியியலில் எம்.எஸ்.சி. முடித்து, ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சில காலம் +1, +2 எடுத்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவள் நான். அக்கா டெக்ஸாஸில், அண்ணன் சிங்கப்பூரில், சித்தப்பா மகன் தென்தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். குடும்பத்தில் பிள்ளைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வேதியியல் படிக்கத் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் ஒரே பாடத்தின் நாலு உருவங்கள் வர ஆரம்பித்தன. தனிம அட்டவணை எல்லா ஊரிலும் ஒன்றுதான். அது சொல்லித்தரப்படும் அறை மட்டும் ஏன் இத்தனை வேறாக இருக்கிறது என்று யோசித்ததில் எழுந்தது இந்தக் கட்டுரை. காசுதான் காரணம் என்று முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது அது பாதிக் காரணம்கூட இல்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் எங்கள் ஊர் ஆய்வகம். 1990-களின் நடுவில் நான் +2 படித்தது திருநெல்வேலிப் பக்கம். வகுப்பில் அறுபது பேருக்குக் குறையாது; செய்முறைக்கு இரண்டு மூன்று பேட்ச்சாகப் பிரிப்பார்கள். நீளமான கடப்பைக்கல் மேசைகள், நடுவில் இரண்டடுக்கு மரத் தட்டில் வினைபொருள் பாட்டில்கள், லேபிள் பாதி அமிலத்தில் கரைந்திருக்கும். கண்ணாடி, கையுறை, கோட்டு எதுவும் கிடையாது. கரைசலை அளந்தெடுக்கும் பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சுவோம். ஆக்ஸாலிக் அமிலத்தின் சுவை தெரியாத +2 மாணவர் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார். மூலையில் கிப்ஸ் உபகரணம். அதில் இரும்பு சல்பைடும் அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு வர ஆரம்பித்தால், பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்தும் ஐயா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்.

உப்புப் பகுப்பாய்வு, அதாவது சால்ட், அப்போது எங்களுக்குப் பெரிய விஷயம். காகிதத்தில் மடித்த ஒரு சிட்டிகைப் பொடி. அதில் என்ன நேரயனி, என்ன எதிரயனி என்று கண்டுபிடிக்க வேண்டும். நிறம், சூடாக்கல், சுடர்ச் சோதனை, அப்புறம் குரூப் குரூப்பாக: முதல் குரூப்பில் ஈயம், இரண்டாவதில் தாமிரம், ஐந்தாவதில் பேரியம், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம். நைட்ரேட்டுக்குப் பழுப்பு வளையம். புதிதாகக் கரைத்த பெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, சோதனைக் குழாயைச் சாய்த்து, ஓரமாக அடர் கந்தக அமிலத்தை மெல்ல விட்டால், இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் வளையம் வரும். கை நடுங்கினால் வராது. எனக்கு வந்த நாளில் பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இதைவிட நல்ல விசாரணை எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது? விடை தெரியாத பொருள், முறையான சோதனைகள், ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவது. காகிதத்தில் பார்த்தால் உலகத்தின் எந்தக் கல்வியாளரும் மெச்சுவார். ஆனால் நாங்கள் செய்தது வேறு. நீலப் படிகம் என்றால் தாமிர சல்பேட். தூக்கிப் பார்த்துக் கனமாக இருந்து, சூடாக்கும்போது படபடவென்று வெடித்துப் பழுப்பு வாயு வந்தால் ஈய நைட்ரேட். மூக்கருகே கொண்டுபோனாலே நெடியடித்தால் அம்மோனியம் கார்பனேட். மீதி சந்தேகத்துக்கு அட்டெண்டர் அண்ணாச்சி இருக்கவே இருக்கிறார். அவர் கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் மெக்னீசியம் என்று அர்த்தம். பெயர் தெரிந்த பிறகு உட்கார்ந்து, மனப்பாடம் செய்த நடைமுறையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மூன்று பத்தியாக எழுதுவோம்: சோதனை, உற்றுநோக்கல், முடிவு. முடிவு முதலில் வந்துவிட்டது. மற்ற இரண்டும் அதற்கு ஏற்றபடி பின்னால் எழுதப்பட்டன. இதை ஏமாற்று என்று யாரும் நினைக்கவில்லை. தேர்வில் மதிப்பெண் அந்த எழுத்துக்கும் விடைக்கும்தானே தவிர, நடுவில் நாங்கள் யோசித்ததற்கு அல்ல.

அப்போது வேதியியலுக்கு 200 மதிப்பெண். அதில் 50 செய்முறைக்கு. 2017-18-இல் +1-க்கும் அடுத்த வருஷம் +2-வுக்கும் மொத்தமே 100 ஆகி, எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மாறியது. ஐம்பதாக இருந்தபோதும் சரி, இருபதாக ஆனபோதும் சரி, அதில் ஒன்றிரண்டு குறைந்தால்தான் செய்தி. எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்றால் அந்த மதிப்பெண்ணால் யாரையும் பிரித்தறிய முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கிலாந்துக்கு வரும்போது தேவைப்படும்.

அதற்கு முன், சால்ட்டுக்கு அடுத்த தரம் பார்த்தல், அதாவது ஒரு கரைசலின் திறனை இன்னொரு கரைசலைக் கொண்டு அளக்கும் டைட்ரேஷன் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை, அளவு குறித்துக் கீழே திருகு வைத்த நீளக் கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் ஊற்றி, ஆக்ஸாலிக் அமிலத்தைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் சூடாக்கி, வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும் வரை சொட்டுச் சொட்டாக விடுவது. அடர் நிறம் என்பதால் பியூரெட்டில் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். ஒரு தரம்பார்த்தல் போதாது. தெரிந்த கரைசலை வைத்து நடுவில் ஒரு கரைசலின் திறனைக் கண்டுபிடித்து, அதை வைத்துத் தெரியாததைக் கண்டுபிடிக்க வேண்டும். கணக்குக்கு லாகரிதம் அட்டவணை. இதை வருஷம் முழுக்கச் செய்து செய்து, அடுத்தடுத்த இரண்டு அளவுகளும் ஒத்துப்போகிற கை எங்களுக்கு வந்துவிட்டது. பதினேழு வயதில் அந்தக் கை ஒரு சொத்து. ஏன் சூடாக்குகிறோம், ஏன் முதல் சொட்டு மெதுவாக நிறமிழந்து அடுத்தடுத்த சொட்டுகள் சட்டென்று நிறமிழக்கின்றன என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையை வேகப்படுத்துகிறது என்ற அழகான விஷயம் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது, நாங்கள் குனிந்து அளவைக் குறித்துக்கொண்டிருந்தோம்.

இனி இங்கே. பதினோரு வயதுப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பன்சன் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். காற்றுத் துளை மூடிய மஞ்சள் சுடர் பாதுகாப்புச் சுடர், திறந்த நீலச் சுடர் வேலைக்கு. முடியைக் கட்டு, டையை உள்ளே விடு, கண்ணாடியைப் போடு, நின்றுகொண்டு செய். முப்பது பேர் வகுப்பில் இரண்டிரண்டு பேராக எல்லோருக்கும் தட்டு. அமிலம் பெரும்பாலும் நீர்த்தது, சின்னக் குடுவைகளில். ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் என்ன ஆபத்து, எந்தச் செறிவுக்கு மேல் கவனம் வேண்டும், சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் அட்டை. அதைத் தயாரிப்பது கிளீப்ஸ் என்ற அமைப்பு. 1963-இல் உள்ளூர்க் கல்வி நிர்வாகங்கள் சேர்ந்து தொடங்கியது. சந்தேகம் என்றால் போன் போட்டுக் கேட்கலாம். எடுப்பவருக்கு ஆய்வகம் தெரிந்திருக்கும். நான் இந்த நாட்டில் பொறாமைப்படும் விஷயம் ஒன்று உண்டு என்றால் அந்தத் தொலைபேசி எண்தான்.

பயமும் இருக்கிறது. 2005-இல் ராயல் வேதியியல் கழகம், பள்ளிகளில் தடை செய்யப்பட்டதாக ஆசிரியர்கள் நம்பும் பொருள்களையும் சோதனைகளையும் பற்றி கிளீப்ஸைக் கொண்டே ஓர் அறிக்கை தயாரித்தது. தடை என்று நம்பப்பட்டவற்றில் பெரும்பாலானவை தடையே செய்யப்படவில்லை என்று தெரிந்தது. யாரோ யாரிடமோ சொல்லி, சட்டமாகவே ஆகிப்போன வதந்திகள். இன்றும் புதிதாக வரும் ஆசிரியர்கள், "இதைச் செய்யக் கூடாதுதானே?" என்று பிரெப் ரூமில் தலையை நீட்டிக் கேட்பார்கள். அட்டையை எடுத்துக் காட்டி, "செய்யலாம், இப்படிச் செய்ய வேண்டும்" என்று சொல்வது என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி.

மதிப்பெண் கதைக்கு வருவோம். இங்கேயும் முன்பு, பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வின் வேதியியலில் பள்ளியிலேயே செய்து ஆசிரியரே மதிப்பிடும் பகுதி இருந்தது. எல்லோரும் மேல் மதிப்பெண்ணில் குவிந்தார்கள்; என்ன சோதனை வரும் என்பதும் ஊருக்கே தெரிந்தது. எங்கள் ஐம்பதுக்கு ஐம்பதேதான், உடைதான் வேறு. அதைச் சரிசெய்ய அவர்கள் எடுத்த வழி, செய்முறையை மதிப்பெண்ணிலிருந்து வெளியே எடுத்துவிடுவது. 2015-இல் நம் +2-வுக்கு இணையான ஏ லெவலிலும் 2016-இல் ஜி.சி.எஸ்.இ.யிலும் புதிய பாடத்திட்டம் தொடங்கியது. இப்போது ஏ லெவலில் குறைந்தது 12 சோதனைகளைச் செய்து தனியாக ஒரு தேர்ச்சிக் குறிப்பு வாங்க வேண்டும். அது கிரேடில் சேராது. ஜி.சி.எஸ்.இ.யில் கட்டாயச் சோதனைகள் உண்டு, ஏ.க்யூ.ஏ. வாரியத்தின் வேதியியலில் 8. அவற்றைப் பற்றிய கேள்விகள் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 சதவீத மதிப்பெண்ணுக்கு வரும். கையால் செய்ததற்கு மதிப்பெண் கிடையாது, செய்ததைப் பற்றி எழுதினால் உண்டு.

என்ன ஆனது என்பதை நான் தள்ளுவண்டியிலிருந்து பார்க்கிறேன். தாமிர ஆக்சைடை மிதமாகச் சூடாக்கிய கந்தக அமிலத்தில் போட்டு, வடிகட்டி, ஆவியாக்கி, படிகம் எடுப்பது ஒரு கட்டாயச் சோதனை. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். அவரவர் பெயர் எழுதிய கிண்ணங்கள் ஜன்னலோரம் ஒரு வாரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆனால் அது ஒரு முறைதான். தரம் பார்த்தலும் ஜி.சி.எஸ்.இ.யில் ஒரு முறை, நேரமிருந்தால் இரண்டு. ஏ லெவல் மாணவர்கள் பியூரெட் திருகைத் திறக்கும் விதத்தைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். நிறம் மாறும் இடத்தில் மூன்று மில்லி தாண்டிப் போய்விடுவார்கள். திருநெல்வேலியில் எந்தச் சராசரி +2 மாணவியும் இவர்களைவிட நன்றாகச் செய்வாள். சரி, ஏன் பிழை வந்தது, எந்தக் கருவியின் நிச்சயமின்மை அதிகம், முறையை எப்படி மாற்றலாம் என்று கேட்டால் இந்தப் பையன் கால் பக்கம் எழுதுவான். அவளுக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருக்கும். இரண்டு பேரும் தங்களிடம் கேட்கப்பட்டதைத்தான் கற்றிருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சிங்கப்பூர் எனக்குச் சுவாரசியமாகிறது. அண்ணன் மகள், நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற ஓ லெவல் வேதியியல் செய்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது பழைய வினாத்தாள் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நான் மதினிக்கு உடனே போன் போட்டேன். உப்புப் பகுப்பாய்வின் அட்டவணை முழுக்க அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்! சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் அலுமினியம் என்ன ஆகும், துத்தநாகம் என்ன ஆகும், அம்மோனியாவில் எது மிகுதியில் கரையும், எந்த வாயுவை எப்படி அறிவது, எல்லாம். நாங்கள் ஒரு வருஷம் இரவு கண்விழித்து உருப்போட்டது அங்கே பின்பக்கத்தில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் மரபில் வந்த செய்முறைத் தாள்களில் இது நெடுங்கால வழக்கம்.

அட்டவணையைக் கொடுத்துவிட்டால் தேர்வில் என்ன மிச்சம் என்று மதினி கேட்டாள். மிச்சமிருப்பதுதான் வேதியியல். தந்திருக்கும் பொருளில் ஒன்றுக்கு இரண்டு அயனிகள் கலந்திருக்கலாம். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுத வேண்டும். எந்த நிறம், வீழ்படிவா கரைசலா, மிகுதியில் கரைந்ததா இல்லையா. தாமிர சல்பேட் கரைசல் தெளிவானது, ஆனால் நிறமற்றது அல்ல. 'தெளிவானது' என்று எழுதிவிட்டு நிறமற்றது என்று சொன்னதாக நினைத்துக்கொண்டால் மதிப்பெண் போயிற்று. இன்னொன்றும் கவனித்தேன். அவர்களுடைய நைட்ரேட் சோதனையில் பழுப்பு வளையம் இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடும் அலுமினியத் தகடும் போட்டு மெல்லச் சூடாக்கினால் அம்மோனியா வரும், ஈரமான சிவப்பு லிட்மஸ் நீலமாகும். அடர் கந்தக அமிலம் வேண்டாம், ஹைட்ரஜன் சல்பைடும் வேண்டாம். பழுப்பு வளையம் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேர் கையில் அடர் கந்தக அமிலம் எதற்கு?

அதற்காகச் சிங்கப்பூர் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். உற்றுநோக்கலை எழுதும் வாக்கியங்களையே டியூஷனில் உருப்போட வைக்கிறார்கள். மருமகளிடம் அந்த வாக்கியங்களுக்கென்றே ஒரு நோட்டு இருந்தது. அட்டவணையை மனப்பாடத்திலிருந்து விடுவித்தால் மனப்பாடம் வேறு வீடு பார்த்துக்கொள்கிறது. இருந்தாலும் அங்கே செய்முறைத் தாளுக்கு 20 சதவீதம் உண்டு. பள்ளிக்கு வெளியே திருத்தப்படுகிறது. கையும் கண்ணும் மதிப்பெண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் ஆய்வகம் வருஷம் முழுக்க இயங்குகிறது.

எங்கள் பிரெப் ரூமில் என்னோடு வேலை பார்ப்பவர் கென்யாவில் படித்தவர். அவர் கதையைக் கேட்டபோது ஏதோ எங்கள் மாவட்டத்துக் கதையைக் கேட்பது போலவே இருந்தது. அங்கே பள்ளியிறுதித் தேர்வில் வேதியியலுக்கு மூன்றாம் தாள் செய்முறை. தேர்வுக்கு முன்பே, என்னென்ன வேதிப்பொருள், என்ன செறிவில், மாணவருக்கு எவ்வளவு என்று பள்ளிகளுக்கு ஒரு பட்டியல் வரும். தயாரித்து வைக்க வேண்டுமே. அதன் பெயர் கான்ஃபிடென்ஷியல், ரகசியம். அந்த ரகசியத்தை வைத்து என்ன கேள்வி வரும் என்று ஊகிப்பது ஒரு தனிக் கலையாம். பெர்மாங்கனேட்டும் பெரஸ் உப்பும் பட்டியலில் இருந்தால் தரம் பார்த்தல் எதுவென்று தெரிந்துவிடுகிறது. ஒரு திடப்பொருளும் வெப்பமானியும் இருந்தால் கரைதல் வெப்பம். "உங்களுக்குப் பட்டியல், எங்களுக்கு அட்டெண்டர் அண்ணாச்சி" என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது வேறொன்று: அந்தத் தேர்வு இருந்ததால்தான் அவர் படித்த பள்ளி பியூரெட் வாங்கியதாம். தேர்வு இல்லாவிட்டால் அந்தக் காசு பஸ்ஸுக்கோ கூரைக்கோ போயிருக்கும்.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் நாட்டை ஒரு வாக்கியத்தில் அடைக்க முடியாது. டெக்ஸாஸில் உயர்நிலைப் பள்ளி அறிவியலில் 40 சதவீத நேரமாவது ஆய்வகத்திலோ களத்திலோ செலவாக வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. அக்கா மகள் படித்த அறை ஆசிரியருடைய சொந்த அறை. மணியடித்தால் பிள்ளைகள்தான் இடம் மாறுகிறார்கள். சுவரெல்லாம் அவர் ஒட்டிய படங்கள், பின்புறம் ஆய்வக மேசைகள், கண் கழுவும் குழாய், அவசரக் குளியல். முதல் வாரம் பாதுகாப்பு ஒப்பந்தம் வீட்டுக்கு வந்தது, அக்கா கையெழுத்துப் போட்டாள். கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏ.பி. வேதியியலில் நேரத்தின் கால் பங்கு, குறைந்தது 16 சோதனைகள். ஆனால் தேர்வில் யாரும் சோதனைக் குழாயைத் தொடுவதில்லை, எல்லாம் காகிதத்தில்.

அந்த நாட்டில் என்னை உலுக்கியது வானவில் சோதனை. கிண்ணங்களில் உப்பைப் போட்டு மெத்தனாலை ஊற்றிப் பற்றவைத்தால் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, தாமிரம் பச்சை என்று வண்ண வண்ணமாக எரியும். சுடர் தணிகிறது என்று புட்டியிலிருந்து மெத்தனாலைத் திரும்ப ஊற்றும்போது தீ புட்டிக்குள் ஏறி, முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் மேல் பாயும். 2006-இல் ஒகையோவில் இப்படித் தீக்காயம் பட்ட மாணவியின் வாக்குமூலத்தை வைத்து அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் 2013 டிசம்பரில் ஒரு எச்சரிக்கைக் காணொளி வெளியிட்டது. அடுத்த சில வாரங்களில், 2014 ஜனவரியில், நியூயார்க்கில் அதே சோதனை, அதே விபத்து. ஒப்பந்தம், குளியல், கண் கழுவி எல்லாம் இருக்கும் அறைகளில் இது திரும்பத் திரும்ப நடந்தது. உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைப் பன்சன் சுடரில் காட்டினால் அதே நிறங்கள்தான் வரும், அதையும் ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்யலாம். எங்கள் பள்ளியில் அப்படித்தான் கொடுக்கிறோம். பார்வையாளருக்காக நடத்தப்படும் வேதியியலில் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு.

பிற நாட்டு வகுப்பறைகளை உறவினர் வழியாக மட்டும் பார்த்தால் போதாது என்று தேடியபோது கிடைத்தது கணித, அறிவியல் கல்வியை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் டிம்ஸின் 1999-ஆம் ஆண்டுக் காணொளி ஆய்வு. ஆஸ்திரேலியா, செக் குடியரசு, ஜப்பான், நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடங்கள் 439-ஐப் படம்பிடித்து அலசினார்கள். அறிக்கை 2006-இல் வந்தது. சில பாடங்களை இணையத்தில் பார்க்கலாம். ஜப்பானில் ஒரு பாடத்துக்கு ஒன்றிரண்டு கருத்துகள்தான். சோதனை, அதில் வந்த தரவு, அதிலிருந்து கருத்து. ஒன்று மற்றொன்றோடு இறுக்கமாகக் கோர்த்திருக்கும். செக் குடியரசில் கனமான பாடம், ஒரு மாணவரை முன்னால் அழைத்து எல்லோர் முன்னிலையிலும் வாய்மொழியாகக் கேள்வி, அங்கேயே மதிப்பெண். பார்க்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்கியது. நெதர்லாந்தில் பிள்ளைகள் புத்தகத்தை வைத்துத் தம்பாட்டுக்குப் படிக்கிறார்கள். அமெரிக்காவில் செயல்பாடுகள் ஏராளம், ஆனால் அவை கருத்தோடு ஒட்டுவது குறைவு. மற்ற நான்கு நாடுகளும் அப்போதைய சர்வதேசத் தேர்வில் அமெரிக்காவைவிட நன்றாகச் செய்தவை. அந்த நான்குக்கும் பொதுவான கற்பிக்கும் முறை என்று ஒன்றுமே தென்படவில்லை. அதனால் "ஜப்பானைப் பார், அப்படிச் செய்" என்று யாராவது மேடையில் பேசினால் நான் கொஞ்சம் நிதானித்துக்கொள்வேன்.

வெகுதூரம் போகவும் தேவையில்லை. புதுச்சேரியில் 1826-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் பிரான்ஸின் பாடத்திட்டப்படி நடக்கிறது. அதே ஊரில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் +2 படித்த தோழி எனக்கு உண்டு. இரண்டு பள்ளிகளுக்கும் ஒரே கடற்காற்று, ஒரே வெயில். பிரெஞ்சு முறையில் இயற்பியலும் வேதியியலும் ஒரே பாடம், ஒரே ஆசிரியர். செய்முறைக்கு வகுப்பைப் பாதியாகப் பிரிக்கிறார்கள், பருத்திக் கோட்டு கட்டாயம். அந்தப் பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவருக்குப் பள்ளியிறுதியில் 20 புள்ளிகளில் 16 எழுத்துக்கு, 4 ஒரு மணி நேரச் செய்முறைக்கு. தேர்வாளர் ஒரு நேரத்தில் ஒரு சில மாணவர்களையே கவனிக்கிறார். மாணவர் எப்படித் திட்டமிடுகிறார், எப்படிச் செய்கிறார், கிடைத்த அளவை எப்படி எடைபோடுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறார். கையும் யோசனையும் சேர்ந்து மதிப்பிடப்படுகின்றன. இதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். நம் ஊரில் புறத்தேர்வாளர் ஒருவர் காலையில் ஒரு பேட்ச், மதியம் ஒரு பேட்ச் என்று பார்த்துவிட்டு மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்.

ஆள் என்று வரும்போது என் வேலையைப் பற்றிப் பேசாமல் முடியாது. தமிழ்நாட்டில் 2015-இல் 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்குத் தேர்வு நடந்தது. தகுதி பத்தாம் வகுப்பு; லட்சக்கணக்கானோர் எழுதினார்கள். வந்தவர்களில் பட்டதாரிகளும் உண்டு. ஆனால் கரைசல் தயாரிக்கவும், கழிவைக் கையாளவும், சோதனையை முன்கூட்டிச் செய்து பார்க்கவும் யார் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள்? சித்தப்பா மகன் பள்ளியில் உதவியாளர் பெரும்பாலும் அலுவலகக் கணினியில் மாணவர் விவரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார். இவனே காலையில் வந்து பெர்மாங்கனேட் எடைபோடுகிறான். அப்புறம் நீட். அதில் வேதியியலுக்கு 45 கேள்விகள், ஒன்றுக்கும் கை தேவையில்லை. "லேப்ல நிக்கிற நேரத்துல நாப்பது எம்.சி.க்யூ. போடலாம் சார்" என்று ஒரு மாணவன் அவனிடம் சொன்னானாம். அந்தப் பையன் கணக்கு தப்பில்லை என்பதுதான் வருத்தம்.

இந்தியாவில் இதை மாற்றிப் பார்த்த முயற்சி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-இல் 16 கிராமப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு மலிவான கருவிப் பெட்டி கொடுத்தது. பிள்ளைகள் செய்து பார்த்துத் தாமே எழுதினார்கள். எனக்குப் பிடித்தது கருவிப் பெட்டி அல்ல, தேர்வு. புத்தகத்தையும் தங்கள் குறிப்பையும் பார்த்து எழுதலாம். செய்முறைக்கும் தேர்வு உண்டு. தேர்வை மாற்றாமல் வகுப்பறையை மட்டும் மாற்றினால் வகுப்பறை பழையபடி திரும்பிவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருஷம் ஓடிய திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்தியது.

கருவிப் பெட்டி என்றதும் ஜோகன்னஸ்பர்க் நினைவுக்கு வருகிறது. அங்கே விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ராட்மாஸ்டே மையம், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள் வைத்து, சொட்டுக் கணக்கில் வேதியியல் செய்யும் பெட்டிகளை உருவாக்கியது. யுனெஸ்கோ அதைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. நாங்கள் பிரெப் ரூமில் இதன் இன்னும் எளிய வடிவத்தைச் செய்கிறோம். வினைபொருள்களின் பெயர் கட்டம் கட்டமாக அச்சிட்ட தாள், மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு சொட்டு. தாமிர சல்பேட்டில் ஒரு சொட்டு அம்மோனியா விட்டால் வெளிர்நீல வீழ்படிவு, இன்னும் இரண்டு சொட்டு விட்டால் கருநீலம். துடைத்தால் முடிந்தது. முப்பது பேருக்கும் சேர்த்து ஒரு சின்னக் குடுவை போதும்.

அந்தத் தாள்களைச் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். பிளாஸ்டிக் கோப்பு உறையும் சொட்டு மருந்துப் புட்டிகளும் வாங்கி, ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறான். ஒரே ஆரவாரம் என்று எழுதினான். அதையே +2-வுக்குக் கொண்டுபோனபோது முதல் பெஞ்சிலிருந்து வந்த கேள்வி: "சார், இது பப்ளிக்ல வருமா?" வராது. நோட்டை மூடிவிட்டார்களாம்.

"ஒன்பதுக்கும் +1-க்கும் இதையே வச்சுக்கறேன் அக்கா, +2-வுக்கு பியூரெட்தான். ஆனா நாலு பியூரெட்ல கண்ணாடித் திருகு உடைஞ்சு கிடக்கு. ரப்பர் டியூப் மாட்டி கிளிப் போட்டுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறான். போடலாம், ஆனால் அந்த நான்கிலும் பெர்மாங்கனேட் ஊற்றாதே, அது ரப்பரைத் தின்றுவிடும், திறனும் குறையும். அவற்றை அமில–காரத் தரம் பார்த்தலுக்கு ஒதுக்கிவிட்டு, திருகு நன்றாக இருப்பவற்றைப் பெர்மாங்கனேட்டுக்கு வைத்துக்கொள் என்று பதில் போட்டிருக்கிறேன். புதிய பியூரெட்டுக்குத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு.